இரவு உணவும் உடல் எடையும்

இரவில் நேரங்கழித்து உண்டால் உடல் பருக்குமா? உடலியல் பாடம் நடத்தும் என்னிடம் மாணவ மாணவியர் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பருக்கும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எந்த நேரத்தில் உண்டால் என்ன, வயிற்றுக்கு மணி தெரியுமா என்று வேறு சிலர் எதிர்க்கேள்வி போடுகிறார்கள். முதல் கட்சியை நம்பி, இரவு உணவையே விட்டுவிட்டுப் பசியோடு படுக்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் கட்சியை நம்பி, நள்ளிரவில் பரோட்டாவும் குளிர்பானமுமாக அமர்வோரும் உண்டு. வளரும் வயதில் இவ்விரண்டும் உடலுக்கு ஊறு செய்பவை. ஆகவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

பருக்கும் என்போர் பொதுவாகக் கூறும் காரணம் எளிமையானது. பகலில் உண்பது நடையிலும் உழைப்பிலும் செலவாகிவிடுகிறது. இரவில் உண்டு படுத்தால் உடல் சும்மா கிடக்கிறது. செலவில்லாத உணவு அப்படியே கொழுப்பாகப் படிந்துவிடுகிறது என்பர். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உறங்கும் உடல் உண்மையில் சும்மா கிடக்கிறதா? இந்த ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன், இத்தாலி நாட்டின் பாதுவா நகரத்தில் சான்டோரியோ என்னும் மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவர் ஒரு பெரிய தராசில் நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உணவு கொண்டார். தம் எடை, உண்ட உணவின் எடை, பருகிய நீரின் எடை, வெளியேறிய கழிவின் எடை ஆகிய அனைத்தையும் பல்லாண்டுகள் விடாமல் நிறுத்துக் குறித்து வந்தார். 1614ஆம் ஆண்டில் அந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அவர் கண்ட வியப்பு இது: உள்ளே செல்வது எட்டுப் பங்கானால், அதில் ஏறத்தாழ ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டு மறைந்துவிடுகிறது. மலத்திலும் சிறுநீரிலும் வராத அந்த எடை எங்கே போயிற்று என்பதை அவர் காலத்து அறிவைக் கொண்டு முழுமையாக விளக்க இயலவில்லை.

இன்று நமக்கு விடை தெரியும். தோலின் வழியே நீராவியாகவும், மூச்சின் வழியே நீராவியும் கரியமில வாயுவுமாகவும் அது வெளியேறுகிறது. உடலில் கொழுப்பு எரியும்போதும் இதுவே நிகழ்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 2014ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போய்விடுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராக மாறுகிறது. மூச்சு உறக்கத்திலும் நிற்பதில்லை அல்லவா? ஆகவே நாம் இரவு முழுவதும் எடை இழந்துகொண்டே இருக்கிறோம். படுக்கும் முன் ஒருமுறையும் எழுந்தவுடன் ஒருமுறையும் எடைபோட்டுப் பார்த்தால், காலையில் சிறிது குறைந்திருப்பதைத் தராசு காட்டும். அதில் பெரும்பங்கு நீரே. எனினும் எரிந்துபோன எரிபொருளின் பங்கும் அதில் உண்டு.

எரிபொருள் என்றேன். உணவின் ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் குறிக்கிறோம். ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே, உணவு நூல்களில் கலோரி என்று வழங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்னும் அறிஞர் மனிதர்களை ஓர் அடைத்த அறையில் நாட்கணக்கில் வைத்து, அவர்கள் உண்டதையும் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் தருகின்றன என்று இன்றும் பாடநூல்களில் படிக்கிறோமே, அந்தக் கணக்கு அவருடைய உழைப்பின் பயன்.

இப்போது உறக்கத்தின் செலவைப் பார்ப்போம். உறங்குபவரின் உடல், ஒவ்வொரு கிலோ எடைக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 400 கலோரிக்குமேல் செலவாகிவிடுகிறது. இதயம் துடிக்கிறது, கல்லீரல் உழைக்கிறது, மூளை ஓய்வதில்லை, உடலின் சூடு காக்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, கை கால் அசையாமல் நடக்கும் இந்த உள் வேலைகளுக்கே போகிறது. உடலைச் சும்மா கிடக்கும் மூட்டையாக எண்ணுவது பொருந்தாது.

சேமிப்பைப் பற்றியும் ஒரு சொல். உண்டவுடன் ஒரு பகுதி உணவு சேமிப்புக்குப் போவது இரவில் மட்டும் நிகழும் செயலன்று; பகலிலும் அப்படியே. நெல்லைக் குதிரில் கொட்டுவதும், வேண்டும்போது அள்ளுவதுமாக ஒரு வீடு நடப்பதைப்போல, உணவுக்குப்பின் உடல் சேமிக்கிறது. இரண்டு உணவுகளுக்கு இடையே சேமிப்பிலிருந்து எடுக்கிறது. இரவு எட்டு மணிக்குச் சேர்ந்த கொழுப்பில் ஒரு பகுதி விடியற்காலை நான்கு மணிக்கு எரிந்துகொண்டிருக்கும். குதிரில் நெல் கூடிற்றா குறைந்ததா என்பது கொட்டிய நேரத்தால் முடிவாவதில்லை. மாதக் கடைசியில் கொட்டியது எவ்வளவு, அள்ளியது எவ்வளவு என்பதால் முடிவாகிறது.

இந்தக் கணக்கில் சிறிய மிகுதியும் நாளடைவில் பெரிதாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாள்தோறும் 100 கலோரி மிகுதியாக உண்டால், ஓராண்டில் அது 36,500 கலோரி. வெறும் வகுத்தல் கணக்குப்படி நாலே முக்கால் கிலோ எடை கூடவேண்டும். உண்மையில் அவ்வளவு கூடுவதில்லை; எடை ஏற ஏற உடலின் செலவும் சற்று ஏறுவதால் ஓரிடத்தில் சமநிலை ஏற்பட்டுவிடும். ஆனால் 100 கலோரி என்பது எவ்வளவு? ஒரு கைப்பிடி மிக்சர், அல்லது இரண்டு மூன்று இனிப்பு பிஸ்கட். படித்துக்கொண்டிருக்கையில் கை தானாக எடுத்து வாயில் இடும் அளவுதான்.

இவ்வளவும் கேட்டபின், அளவே எல்லாம், நேரத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று நீங்கள் முடிவுகட்டலாம். அவசரப்பட வேண்டா. உடலுக்கு மணி தெரியும் என்பதும் இன்று உறுதியாகிவிட்டது. அந்தச் செய்தி ஒரு செடியிலிருந்து தொடங்குகிறது.

தொட்டாற்சிணுங்கியை நீங்கள் அறிவீர்கள். பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்ளும் அத்தகைய செடி ஒன்றை, 1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெ மைரான் இருட்டறையில் கொண்டுபோய் வைத்தார். வெயிலே படாத இடத்திலும் அது பகல் வேளையில் இலையை விரித்தது. இரவு வேளையில் மூடிற்று. வெளியுலகின் ஒளி இல்லாமலே அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதற்குறிப்பு. 1971இல் அமெரிக்காவில் கோனோப்கா, பென்சர் என்னும் இருவர் பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணு ஒன்றின் இருப்பைக் காட்டினர். அது எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனித உடலில் இதன் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. காலை வெளிச்சம் அதைத் திருத்தி வைக்கிறது. அஃதன்றியும் கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றில் கிளைக் கடிகாரங்கள் இருக்கின்றன. இவை உணவு வரும் நேரத்தைக் கொண்டும் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. பகல் வெளிச்சம் ஒரு நேரத்தைச் சொல்ல, நள்ளிரவு உணவு வேறொரு நேரத்தைச் சொல்லுமானால், தலைமை அலுவலகமும் கிளை அலுவலகங்களும் வெவ்வேறு மணிக்கணக்கில் வேலை செய்யும் நிலை உண்டாகிறது.

இதனால் விளைவது யாது? ஒரே உணவைக் காலையில் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் அளவு ஒன்று. மாலையிலும் இரவிலும் உண்டால் ஏறும் அளவு அதைவிட மிகுதி. இன்சுலின் என்னும் கணையநீரின் வேலைத்திறன் பொழுது சாயச் சாயத் தளர்கிறது. உறக்கத்தை அறிவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பும் இரவில் இன்சுலினைச் சற்று அடக்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நல்ல உடல்நலமுள்ள 20 பேருக்கு ஒருநாள் மாலை 6 மணிக்கும், மற்றொரு நாள் இரவு 10 மணிக்கும் ஒரே உணவை அளித்தனர். இருநாளும் 11 மணிக்கே உறக்கம். நேரங்கழித்து உண்ட இரவில் சர்க்கரையின் உச்சம் ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்ந்திருந்தது. உண்ட கொழுப்பில் எரிந்த பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் இது ஓரிரவின் செய்தி. ஓரிரவில் எரியாதது மறுநாள் எரிந்துவிடலாம். எடை கூடிற்று என்று இதைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

எடை பற்றிய வலுவான சான்று முதலில் சுண்டெலிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. சுண்டெலி இரவில் விழித்திருந்து இரை தேடும் பிராணி. பகல்தான் அதன் உறக்க வேளை. கொழுப்பு மிகுந்த ஒரே உணவை, ஒரு கூட்டத்துக்கு அதன் விழிப்பு வேளையில் மட்டும் வைத்தனர். மற்றொரு கூட்டத்துக்கு உறக்க வேளையில் மட்டும் வைத்தனர். ஆறு வாரங்களில் முதற்கூட்டம் தன் எடையில் 20 விழுக்காடு கூடிற்று. இரண்டாம் கூட்டம் 48 விழுக்காடு கூடிற்று. உண்ட அளவிலும் ஓடியாடிய அளவிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நேரம் தவறி உண்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. ஆனால் சுண்டெலியின் ஆறு வாரம் அதன் வாழ்நாளில் நீண்ட பகுதி. அதன் உடற்கணக்கு நம்முடையதைவிட மிக விரைவானது. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதனுக்கும் நேரும் என்று கொள்வதற்கில்லை.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் 2013ஆம் ஆண்டு இரண்டு வந்தன. இஸ்ரேலில், எடை மிகுந்த 93 பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,400 கலோரி என்று வகுத்தனர். ஒரு கூட்டத்தார்க்குக் காலையில் 700, நண்பகலில் 500, இரவில் 200. மற்றக் கூட்டத்தார்க்கு இதே கணக்கு தலைகீழாக, காலையில் 200, இரவில் 700. பன்னிரண்டு வாரங்களின் முடிவில், காலையில் மிகுதியாக உண்டவர்கள் மற்றவரைவிட இருமடங்குக்கும் மேலாக எடை குறைந்திருந்தனர். ஸ்பெயின் நாட்டில், எடை குறைக்கும் சிகிச்சை பெற்ற 420 பேரை 20 வாரங்கள் கவனித்தனர். அங்கே நண்பகல் உணவுதான் பேருணவு. அதைப் பிற்பகல் 3 மணிக்குப்பின் உண்டவர்கள், முன்னதாக உண்டவர்களைவிடக் குறைவாகவே எடை இழந்தனர். உண்டதாக அவர்கள் சொன்ன அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இவற்றைக் கேட்டால் தீர்ப்பு கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இவ்விரண்டிலும் பங்குகொண்டவர்கள் தத்தம் வீட்டில் தாமே சமைத்து, தாமே அளந்து உண்டவர்கள். 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தார் அந்த இடைவெளியை அடைத்தனர். 30 பேருக்கு எல்லா உணவையும் தாமே தயாரித்து அளித்தனர். ஒவ்வொருவரும் நான்கு வாரம் காலையில் மிகுதியாகவும், நான்கு வாரம் இரவில் மிகுதியாகவும் உண்டனர். மொத்த அளவு ஒன்றே. விளைவு என்ன? இரண்டு முறையிலும் எடை சமமாகவே குறைந்தது. 3 கிலோவுக்குச் சற்று மேல். உடல் செலவிட்ட ஆற்றலிலும் வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் சீனாவின் குவாங்சோ நகரத்திலிருந்தும் ஓர் ஆய்வு வந்தது. பருத்த உடலினர் 139 பேர் ஓராண்டுக் காலம் உணவைக் குறைத்து உண்டனர். ஒரு பாதியினர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டு முடித்தனர். மற்றவருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. முன்னவர் சராசரியாக 8 கிலோவும் பின்னவர் 6.3 கிலோவும் இழந்தனர். அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே என்று புள்ளியியல் முறைப்படி முடிவுசெய்தனர்.

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றுகிறதல்லவா? அறிவியலைப் பயிலும் மாணவர் இத்தகைய இடத்தில்தான் கூர்ந்து நோக்க வேண்டும். அபர்தீன் ஆய்வில் எடை சமமாக இருந்தது. ஆனால் பசி சமமாக இல்லை. காலையில் மிகுதியாக உண்ட வாரங்களில் அவர்களுக்கு நாள் முழுவதும் பசி குறைவாக இருந்தது. அதே 2022இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 16 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, அதே உணவை அதே அளவில், ஆனால் நான்கு மணி நேரம் தள்ளி அளித்துப் பார்த்தனர். நேரந்தள்ளி உண்டபோது பசி உணர்வதற்கான வாய்ப்பு இருமடங்காயிற்று. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்னும் சுரப்பு விழித்திருந்த வேளையில் குறைந்தது. உடலின் ஆற்றல் செலவும் சற்றுக் குறைந்ததாக இவர்கள் கண்டனர். இந்தக் கடைசிச் செய்தியில் பாஸ்டனும் அபர்தீனும் வேறுபடுகின்றன. பசியைப் பற்றிய செய்தியில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இங்கேதான் முடிச்சு அவிழ்கிறது என்பது என் கருத்து. தட்டில் வைக்கும் அளவை வேறொருவர் நிறுத்துத் தரும்வரை, நேரம் எடையைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் நம் வீட்டில் யார் நிறுத்து வைக்கிறார்கள்? இன்னொரு தோசை வேண்டுமா போதுமா என்பதைப் பசிதான் முடிவுசெய்கிறது. நேரந்தள்ளிய உணவு பசியைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட பசி அளவைக் கூட்டுகிறது. கூடிய அளவு எடையாகிறது. அளவே எடையை ஆள்கிறது என்பதும் உண்மை. நேரம் அந்த அளவை ஆள்கிறது என்பதும் உண்மை. இரு கட்சியாரும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேரம் அளவைக் கூட்டும் வழிகள் இன்னும் சில உண்டு. இரவில் நேரங்கழித்து உண்பது பெரும்பாலும் மூன்றாவது உணவைத் தள்ளி உண்பதாக இருப்பதில்லை; நான்காவது உணவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் யாரும் கீரை ஆய்ந்து சமைப்பதில்லை. டப்பாவில் இருக்கும் முறுக்கும், கடையில் கிடைக்கும் எண்ணெய்ப் பலகாரமும் தான் கைக்கு எட்டுபவை. கண் கைபேசியில் இருக்கக் கை உணவில் இருப்பதால், உண்ட கணக்கு மனத்தில் பதிவதும் இல்லை.

இவற்றோடு உறக்கக் குறைவும் சேர்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள இளைஞர் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டனர். பிறிதொரு முறை இரண்டு இரவுகள் பத்து மணி நேரம் படுக்கவிட்டனர். உறக்கம் குறைந்தபோது லெப்டின் 18 விழுக்காடு தாழ்ந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. பசியுணர்வு 24 விழுக்காடு மிகுந்தது. இனிப்பின்மீதும் உப்பிட்ட தின்பண்டங்கள்மீதும் மாவுப் பண்டங்கள்மீதும் நாட்டம் குறிப்பாக ஏறிற்று. தேர்வுக் காலத்தில் கண்விழித்துப் படிக்கும் மாணவர்க்கு, நள்ளிரவில் ஏன் சிப்ஸ் பொட்டலத்தின் நினைவு வருகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. நள்ளிரவில் உண்டவர்க்குக் காலையில் பசி இராது, காலையுணவு தவறும், பகல் முழுவதும் சோர்வு, இரவில் மீண்டும் பெரும்பசி. இப்படி ஒரு சுழல் தொடங்கிவிடுகிறது.

மனித சமுதாயம் உணவு நேரத்தைப் பலவிதமாக வகுத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும் வாழும் சமணர்கள் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. எடையைக் கருதி வந்த வழக்கமன்று அது. இருளில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியலாகாது என்னும் அருள்நோக்கால் வந்தது. ரமலான் மாதத்திலோ இசுலாமியர் பகலெல்லாம் நோன்பிருந்து, கதிரவன் மறைந்தபின்னும் விடியலுக்கு முன்னுமே உண்கிறார்கள். அம்மாதத்தில் பலருக்கு எடை சிறிதளவு குறைவதையும், பின்னர் அது மீண்டுவிடுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. இரவில் உண்பதே கொழுப்பு என்னும் வாதம் உண்மையானால், இவர்கள் அனைவரும் பருத்தல்லவா இருக்க வேண்டும்?

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விடுவதற்கில்லை. நேரங்கழித்து உண்பவரெல்லாம் விரும்பியா உண்கிறார்கள்? நூற்பாலையில் இரவு முறை வேலை பார்ப்பவர், மருத்துவமனையில் விழித்திருக்கும் செவிலியர், கடையடைத்துப் பதினொரு மணிக்கு வீடு திரும்பும் வணிகர் ஆகியோருக்கு வேறு வழி இல்லை. முறைமாற்றி வேலை செய்வோரிடையே உடற்பருமனும் நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது பல நாடுகளில் கண்ட செய்தி. அது அவர்களுடைய ஒழுக்கக் குறைவன்று; உடலின் மணிக்கும் ஆலையின் மணிக்கும் உள்ள முரண்.

நம் வீடுகளிலேயே பாருங்கள். எல்லாரும் உண்டு எழுந்தபின், பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, பத்தரை மணிக்குத் தட்டின் முன் அமர்பவர் யார்? பெரும்பாலும் அம்மாதான். எஞ்சியது வீணாகக் கூடாதென்று தேவைக்கு மேல் உண்பவரும் அவர்தான். எஞ்சாதபோது அரைவயிற்றோடு படுப்பவரும் அவர்தான். அவர் உடல் பருத்தால், வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டாரே கேலி பேசுவதும் உண்டு. அவருடைய உணவு நேரம் அவர் கையில் இல்லை. வீட்டார் அனைவரின் கையிலும் இருக்கிறது. எட்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்டு, ஆளுக்கொரு பாத்திரம் கழுவி எடுத்து வைத்தால், எந்த மருந்தாலும் ஆகாத நன்மை அந்த வீட்டில் உண்டாகும். இதைச் செய்ய வல்லவர்கள் இளைஞர்களாகிய நீங்கள்.

இனி நடைமுறைக்கு வேண்டிய சில செய்திகள். காலையுணவை விடாதீர்கள். நாளின் பேருணவு பகலில் அமையட்டும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இரவு உணவை முடித்துக்கொள்வது நல்லது. எடைக்காக மட்டும் அன்று; நிறைந்த வயிற்றோடு படுத்தால் இரைப்பையின் புளிப்புநீர் மேலெழுந்து நெஞ்செரிச்சல் தரும்; உறக்கமும் கெடும். தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து வீடு சேர ஒன்பதரை மணியாகிவிடுமானால், உணவை இரண்டாகப் பகுத்துக்கொள்ளலாம். ஆறு மணியளவில் சுண்டலோ வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்டுவிட்டு, வீடு வந்தபின் மிதமாக உண்டால் பெரும்பசி தலைதூக்காது. தேர்வுக் காலத்திலும் ஆறேழு மணி உறக்கத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்றது நினைவில் நிலைப்பதற்கும் உறக்கம் வேண்டும்.

இரவு உணவை அறவே விட்டுவிடும் எண்ணம் மட்டும் வேண்டா. குறிப்பாக மாணவியருக்குச் சொல்கிறேன். எலும்பும் தசையும் குருதியும் வளரும் பருவம் இது. பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் தேய்கிறது, இரத்தசோகை நேரிடுகிறது, மறுநாள் பசி இருமடங்காக மீள்கிறது. பசித்து உறக்கம் வராத இரவில் ஒரு குவளைப் பால் அருந்துவதால் எவரும் பருத்துவிடமாட்டார். நீரிழிவுக்கு மருந்து உண்பவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவரும், வீட்டில் எவரேனும் இருந்தால், மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்றக் கூடாது. இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து ஆபத்து நேரலாம்.

ஆகவே, அடுத்தமுறை எவரேனும் இரவில் உண்டால் உடல் பருக்குமா என்று கேட்டால், நீங்கள் இவ்வாறு விடை கூறலாம்: மணி எட்டைத் தாண்டியதால் சோறு கொழுப்பாக மாறிவிடுவதில்லை, ஆனால் நேரந்தள்ளி உண்ணும் பழக்கம் பசியையும் உறக்கத்தையும் குலைத்து, நம்மை அறியாமலே அளவைக் கூட்டுகிறது. சான்டோரியோவின் தராசு சொல்வதையும், தெ மைரானின் செடி சொல்வதையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்கும் விடை இது. அதை மனத்தில் கொண்டு, இன்றிரவு முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உண்டு பாருங்கள். வீட்டில் கடைசியாக உண்பவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.